பார்த்திவபுரத்துச் சாலையும் நம் பாலிடெக்னிக்கும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளை எல்லை தாண்டிப் போனால் முஞ்சிறை. அதன் பக்கத்தில் பார்த்திவபுரம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிக்கொண்டு, அங்கே விஷ்ணு கோயிலும், 95 சட்டர் (மாணவர்) உண்டு உறைந்து படிக்க ஒரு சாலையும் நிறுவினான். இந்தச் செப்பேட்டைப் பதிப்பித்தவர் து. அ. கோபிநாத ராவ். மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று இடப் பங்கீடு. சேர வருபவனுக்கு என்ன தகுதி வேண்டும், பிறரை ஏசினால் என்ன தண்டம், சபைக்கு ஆயுதம் கொண்டு வரலாமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கடைக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்தது. ஆனால் தச்சன் மகனுக்கும் கொல்லன் மகனுக்கும் அங்கே இடம் கிடையாது.

அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவு திறந்ததுதான் இன்றைய அரசு தொழிற்கல்வி. நெய்யாற்றின்கரை அரசு பாலிடெக்னிக், தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. இரண்டும் நம்ம எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரம். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஐ.டி.ஐ. கைத்தொழிலாளியை உருவாக்குவது, மேற்பார்ப்பது கேரளத்தின் தொழிற்பயிற்சித் துறை. பாலிடெக்னிக், எஞ்சினியருக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று வேலை வாங்கத் தெரிந்தவரை உருவாக்குவது. அது உயர்கல்வித் துறையின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது.

பிரின்சிபால் நினைத்தால் எதுவும் நடக்கும் என்றொரு எண்ணம் நம்மிடம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஒரு சீட் கூட்டித் தரச் சொல்லி ஒரு கல்லூரிக்கு நடையாய் நடந்தது. பாவம், அவர் என்ன செய்வார்! எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதற்கு அனுமதி தருவது டில்லியிலுள்ள அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு. 1945இல் தொடங்கி, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பெற்றது. பாடத்திட்டம் களமசேரியிலுள்ள ஆசிரியர் பயிற்சி, ஆய்வு நிறுவனத்தில் தயாராகிறது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது பி.எஸ்.சி. தேர்வுக்கும் டிப்ளமோவுக்கும் தனி வாரியம் இருக்கிறது. செப்பேட்டில் ஒரே இடத்தில் இருந்தது இங்கே நாலைந்து ஆபீசில் கிடக்கிறது. சாமானியர் திகைப்பதில் வியப்பில்லை. ஆனாலும் ஒருவர் சிபாரிசில் எல்லாம் முடிந்துவிடாமல் இருப்பதற்கு இந்தப் பிரிவினைதான் காவல் என்பது என் கருத்து.

உண்மையான இடர் வேறொன்று. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இங்கே பத்தாம் கிளாசைத் தமிழிலேயே எழுதித் தேறலாம். பாலிடெக்னிக் பாடமோ இங்கிலீஷ். முதல் செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் தெரிந்த பிள்ளைகூடச் சொல் புரியாமல் தடுமாறும். படிப்பு வராது என்று வீட்டார் அப்போது முடிவு கட்டிவிடக் கூடாது. ஆறு செமஸ்டர் இருக்கிறது; தவறிய தாளைத் திரும்ப எழுதலாம்.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் வழி அடைபடுவதில்லை. இரண்டு வருடப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ பெற்றவர் அதேபோல பி.டெக். இரண்டாம் ஆண்டுக்கு. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் 1973 திருத்தத்துக்குப் பின் டிப்ளமோக்காரருக்கும் பொருந்தும். உதவித்தொகையுடன் கம்பெனிப் பயிற்சி உண்டு. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கேரளத்துப் பிள்ளைகளும் அதன் எல்லைக்குள் வருகிறவர்களே.