‘மெல்லக் கற்பவர்’ என்னும் முத்திரை: பள்ளிகள் காணத் தவறும் குழந்தைகள்

2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவர், உடன் பயின்றவர்கள் உள்ளிட்ட ஆதிக்க சாதிச் சிறுவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். நாட்டையே உலுக்கிய அந்நிகழ்வில் போதிய கவனம் பெறாத ஒரு செய்தி உண்டு. தாக்குதலுக்கு முந்தைய நாள்களில் அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தியிருந்தார். நன்கு படிக்கும் மாணவர் ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்த பிறகே, அவர்மீது தொடர்ந்து இழைக்கப்பட்டுவந்த கொடுமை வெளிப்பட்டது. எழுத்து வடிவில் புகார் அளிக்கப்பட்டது. அன்றிரவே தாக்குதல் நடந்தது.

அந்த வருகைப் பதிவேட்டின் வெற்றிடமே முதல் அறிகுறி. ஒரு மாணவரின் துயரத்தையோ கற்றல் இடர்ப்பாட்டையோ பள்ளி எவ்வாறு அறிகிறது, அறிந்தபின் என்ன செய்கிறது என்பது வழக்கமாக உளவியல் துறையின் வினாவாகவே பேசப்படுகிறது. சாதியச் சமூகத்தில் அது சமூகநீதியின் வினாவும் ஆகும்.

சட்டம் விதிக்கும் கடமை

1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. கற்றல் குறைபாடு அதில் இடம்பெறவில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அப்பட்டியலை 21 ஆக விரிவாக்கியது. வாசிப்பதில் இடர்ப்பாடான டிஸ்லெக்சியா, எழுதுவதில் இடர்ப்பாடான டிஸ்கிராஃபியா, கணக்கில் இடர்ப்பாடான டிஸ்கால்குலியா ஆகியவை அதன்பின் சட்ட ஏற்புப் பெற்றன. கற்றல் குறைபாடுகளை இயன்றவரை விரைவாகக் கண்டறிந்து, உரிய கற்பித்தல் முறைகளால் அவற்றைக் கடக்கச் செய்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்று இச்சட்டத்தின் 16 ஆவது பிரிவு கூறுகிறது. மாற்றுத்திறனுடைய குழந்தைகளைக் கண்டறிய 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது 17 ஆவது பிரிவு.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நலிவுற்ற பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பதை அரசின் கடமையாக்குகிறது. ஆகவே, கண்டறிவதும் ஆதரவளிப்பதும் ஆசிரியரின் கருணையைப் பொறுத்தவை அல்ல. அவை குழந்தையின் உரிமைகள்.

கண்டறியும் வழி

முதற்படி வகுப்பறையில் தொடங்குகிறது. ஆசிரியர் நோய் நிர்ணயம் செய்வதில்லை. கவனித்துப் பதிவு செய்கிறார். பின்னர் பார்வையும் கேட்கும் திறனும் சோதிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தையைப் படிப்பில் பின்தங்கியவர் என்று கருதும் தவறு இன்றும் நிகழ்கிறது. அடுத்து, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், உளவியலாளர், மருத்துவர் ஆகியோரின் மதிப்பீடு. 2018 ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் பள்ளி அளவிலான முதற்கட்டச் சோதனையையும், அதன்பின் மருத்துவப் பரிசோதனை, நுண்ணறிவுச் சோதனை, கற்றல் குறைபாட்டுச் சோதனை ஆகியவற்றையும் வரிசைப்படுத்தின.

தாளில் இது நேரான பாதை. நடைமுறையில் எல்லாமே முதற்படியில் நிற்கும் ஆசிரியரின் பார்வையைப் பொறுத்திருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: வீட்டிலும் தெருவிலும் ‘வாளப்பளம்’ என்றே பேசிப் பழகிய குழந்தை அவ்வாறே எழுதுகிறது. அது கற்றல் குறைபாடு அன்று. தான் கேட்கும் ஒலியை எழுத்தாக்கத் தெரிந்திருக்கிறது என்பதற்கான சான்று. அக்குழந்தைக்குத் தேவை, தன் பேச்சு மொழியிலிருந்து எழுத்து மொழிக்குச் செல்லும் பாலம். மற்றொரு குழந்தை பல மாதப் பயிற்சிக்குப் பின்னரும் கொம்பையும் காலையும் இடம் மாற்றுகிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறது. வாய்மொழியில் தெளிவாக விடை சொல்லிவிட்டு எழுத்தில் தடுமாறுகிறது. இக்குழந்தைக்கே சிறப்பு மதிப்பீடு தேவை. இருவரையும் ‘மெல்லக் கற்பவர்’ என்ற ஒரே பட்டியலில் சேர்த்துக் கடைசி வரிசையில் அமர்த்தும் பள்ளி, இருவருக்கும் அநீதி இழைக்கிறது.

இரு திசைத் தவறு

தலித் குழந்தையின் விஷயத்தில் இத்தவறு இரு எதிரெதிர்த் திசைகளில் நிகழ்கிறது. உண்மையான கற்றல் குறைபாடு இருக்கும்போது, “இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான்” என்ற சாதியத் தீர்ப்பு அதை மறைத்துவிடுகிறது. குறைபாடே இல்லாமல், பாகுபாட்டாலோ மோசமான கற்பித்தலாலோ குழந்தை பின்தங்கும்போது, கோளாறு குழந்தையின் மூளையில் தேடப்படுகிறது. முதல் தவறில் உதவி மறுக்கப்படுகிறது. இரண்டாவதில் குற்றம் செய்தவர் தப்பிக்கிறார்.

ஒடுக்கப்பட்ட பிற சமூகங்களும் இவ்விரண்டையும் எதிர்கொண்டுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாணவர் தொகையில் ஏறத்தாழ 10 விழுக்காடே இருந்த கறுப்பின மாணவர்கள், அறிவுத்திறன் குன்றியோருக்கான தனி வகுப்புகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு இருந்தனர். நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணே அவர்களை அங்கே அனுப்பியது. லாரி பி. வழக்கில் 1979 இல் தீர்ப்பளித்த நீதிபதி ராபர்ட் பெக்கம், அச்சோதனைகள் பண்பாட்டுச் சார்பு கொண்டவை என்று கண்டு, கறுப்பின மாணவர்களை அவ்வகுப்புகளில் சேர்க்க அவற்றைப் பயன்படுத்துவதைத் தடை செய்தார். பிரிட்டனில் கரீபியக் குடும்பக் குழந்தைகளுக்கு நேர்ந்த இதே அநீதியை பெர்னார்ட் கோர்ட் 1971 இல் தம் நூலில் அம்பலப்படுத்தினார்.

மறுதிசைக்கும் அமெரிக்கச் சட்டத்திலேயே சான்றுண்டு. சூழல், பண்பாடு, பொருளாதாரம் ஆகியவற்றின் நலிவே முதன்மைக் காரணமாயின், அது கற்றல் குறைபாடாகக் கொள்ளப்படாது என்கிறது அதன் வரையறை. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்ட வரையறையில் அத்தகைய விலக்கு இல்லை. ஆயினும் மதிப்பீடு செய்வோரின் மனத்தில் அது இருக்கக்கூடும். முதல் தலைமுறையாகப் பள்ளி வந்த குழந்தைக்கும் டிஸ்லெக்சியா இருக்கலாம். வறுமை அதற்கு எதிரான சான்று ஆகாது.

மனத்துயரின் மொழி

துன்புறும் குழந்தை பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. அடிக்கடி விடுப்பு, காரணமற்ற வயிற்றுவலி, திடீர்ச் சினம், சாப்பிடாமல் ஒதுங்குதல், குறையும் மதிப்பெண், நீண்ட மௌனம் ஆகியவையே அதன் மொழி. இவற்றைக் கண்டதும் ஆலோசகரிடம் அனுப்புவது நல்லது, ஆனால் போதுமானதன்று. கழிப்பறையைத் துப்புரவு செய்ய ஏவப்பட்டதாலோ சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டதாலோ மனம் உடைந்த மாணவரிடம், மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ளும்படி மட்டும் கூறுவது ஆலோசனை ஆகாது. அங்கே நிகழ்ந்திருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட வேண்டிய குற்றமாக இருக்கலாம். மனநல ஆதரவும் நீதி நடவடிக்கையும் ஒருசேர நடக்க வேண்டும். புகார் அளித்த மாணவருக்குப் பாதுகாப்பும் அந்நேரமே தொடங்க வேண்டும். நாங்குநேரி கற்பிக்கும் பாடம் இதுவே.

அந்நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையை அளித்தது. 500க்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அத்தகைய அலுவலருக்கு உளவியல் பயிற்சி மட்டுமின்றிச் சாதி குறித்த தெளிவும் இருந்தாக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

பொதுத் தேர்வில் கற்றல் குறைபாடுள்ளோருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உள்ளன. அவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் பெற்றோர் நாள்கூலியை இழந்து மருத்துவமனைக்கு அலைய வேண்டும். தகவல் அறிந்த, வசதியுள்ள பெற்றோரே அவ்வாசலை எளிதில் கடக்கின்றனர். எனவே சான்றிதழ் வரும்வரை உதவியை நிறுத்திவைக்கக் கூடாது. எழுத்தைப் பெரிதாக அச்சிடுதல், வாய்மொழியாக விடை கேட்டல், நாள்தோறும் சிறிது நேரம் தனியே வாசிக்கச் செய்தல், பாடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்தல் ஆகியவற்றுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை. இவற்றையும் வகுப்பைப் பிரிக்காமலே செய்ய வேண்டும். தனியறை விரைவில் இன்னொரு சேரியாகிவிடும்.

கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிவுற்ற பிரிவினருக்கு உரிய பங்கும் பெண்களுக்குப் பாதி இடமும் உண்டு. அக்குழுவில் செயற்பாட்டாளர்களும் மாணவர் அமைப்பினரும் பெற்றோர் வழியாக எழுப்பக்கூடிய வினாக்கள் எளியவை. தொடர்ந்து வராத மாணவர்களின் வீட்டுக்கு யார் சென்றார்? சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? ‘மெல்லக் கற்பவர்’ பட்டியலில் எந்தத் தெருவின் பிள்ளைகள் மிகுதியாக உள்ளனர்? அவர்களுள் எத்தனை பேருக்குக் கண், காது சோதனையும் கற்றல் மதிப்பீடும் நடந்தன? சாதிய இழிவு குறித்த புகார் வந்தால், அன்றைக்கே செய்யப்படுபவை எவை? இவற்றுக்கான விடைகள் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பதிவு இருந்தால்தான் பின்னர் பொறுப்பைச் சுட்ட முடியும்.

நாங்குநேரி மாணவர் 2024 பொதுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. ஆனால் ஒவ்வொரு தலித் குழந்தையும் வெட்டுக்காயத்திலிருந்து மீண்டெழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பள்ளியின் கடமையைக் குழந்தையின் தோளில் ஏற்றுவதாகும். அக்கடமை, ஒரு மாணவர் முதல் நாள் வராதபோதே தொடங்குகிறது.