மலைப்புல்லும் மட்டையும் – 7: பந்துக்கு அப்பால் நாலு அங்குலம்

சென்ற வாரம் டிரைவர் என்னும் நீண்ட மட்டையின் பிரயோகத்தைப் பற்றிப் பேசினோம். பார்வைக்கு அது கம்பீரமானது. ஆனாலும் ஒரு குழிக்கு ஒரு தடவைக்கு மேல் அதற்குப் பெரும்பாலும் வேலை இல்லை, அந்த ஒரு தடவையும் பந்தைச் சிறு டீ முளையின் மேல் நம் இஷ்டப்படி நிறுத்திக்கொண்டு அடிக்கிற சௌகரியம் உண்டு. அதற்குப் பிறகு பந்து எங்கே விழுந்ததோ அங்கே, புல் எப்படிப் படிந்திருக்கிறதோ அப்படி, நிலம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தச் சரிவிலேயே காலை ஊன்றிக்கொண்டு, ஐந்தாம் நம்பர் அயர்னையோ ஏழாம் நம்பரையோ ஒன்பதாம் நம்பரையோ எடுத்து அடுத்த அடியை அடித்தாக வேண்டும். ஆட்டக்காரனுடைய யோக்கியதை அங்கேதான் வெளிப்படுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். பத்து அடிகளில் ஒன்று அற்புதமாக அமைவது யாருக்கும் எப்போதாவது கிட்டுகிற பாக்கியம். பத்தில் எட்டு ஒரே விதமாக அமைவதற்குத்தான் அப்பியாசம் வேண்டும்.

எங்கள் சோலூரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. தேயிலைத் தோட்டங்களும் படகர் ஊர்களும் தோடர் மந்துகளும் சூழ்ந்த இந்த ஊரிலிருந்து தலைகுந்தாவைக் கடந்து ஃபிங்கர் போஸ்ட் பக்கம் போனால், உதகை ஜிம்கானா கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானத்தைக் காணலாம். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று அழைக்கப்படும் புல்வெளிப் பிரதேசம் அது. மேடும் பள்ளமுமாக அலையலையாகப் போகிற அந்த நிலத்தில், இரண்டு பாதங்களையும் ஒரே மட்டத்தில் வைத்து நிற்கிற இடம் அபூர்வமாகவே வாய்க்கும். ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவ மழையில் ஊறிக் கிடக்கும் மண், மார்கழி தையில் உறைபனி விழுந்த காலையில் கல்லைப் போல இறுகியிருக்கும். சமவெளியில் பாய் விரித்த பயிற்சித் தளங்களில் ஆயிரக்கணக்கான பந்துகளை அடித்துப் பழகியவர்கள்கூட இங்கே வந்தவுடன் திகைத்துப்போவதன் காரணம் இதுதான். பாய் குற்றத்தை மறைக்கும். பந்துக்கு முன்னதாகவே தரையில் பட்ட மட்டையைக்கூட அது வழுக்கிவிட்டுப் பந்தின்மேல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஈர மண் அப்படிச் செய்வதில்லை.

ஆகவே, அயர்ன் அடியின் மூல தத்துவத்தை மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மட்டையின் தலை தோளுக்கு மேலிருந்து இறங்கி, ஒரு பெரிய வட்டத்தின் பகுதியாகத் தரையை நோக்கி வந்து, ஓரிடத்தில் தன் அடிமட்டத்தை அடைந்து, மறுபடியும் மேலே ஏறுகிறது. அந்த அடிமட்டம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கிறது. அது பந்துக்குப் பின்னால் விழக்கூடாது. பந்து இருக்கிற இடத்திலேயே விழுந்தாலும் போதாது. பந்தைக் கடந்து, இலக்கின் திசையில் ஏறத்தாழ 4 அங்குலம் அப்பால் விழ வேண்டும். அப்போது மட்டை முதலில் பந்தைத் தொடுகிறது, பந்து புறப்பட்டுப் போன பிறகு புல்லைச் சீவுகிறது. தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஏழாம் நம்பர் அயர்ன், பந்தைத் தொடும் கணத்தில் சுமார் 4 பாகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருப்பதாக ரேடார் கருவிகள் அளந்து காட்டியிருக்கின்றன. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதன் நடுவரைக்குக் கீழே மட்டையின் முகம் போய்ச் சேர வேண்டும் என்றால், பிழைக்கு இடம் ஓர் அங்குலத்திற்கும் குறைவு. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரமோ ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. அந்தக் கணத்தில் கையைத் திருத்தி அடியைச் சரிசெய்துவிடலாம் என்று எண்ணுவது வீண். அதற்கு முன்பே உடம்பு முறையாக அமைந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்கிறவருடைய கத்தி கிளையைத் தொட்டவுடன் வேகம் தணிந்து நின்றுவிடாமல், கிளைக்கு அப்பால் போய்த்தான் தன் வீச்சை முடித்துக்கொள்கிறது. அயர்னின் வீச்சும் அவ்விதமே பந்தில் முடியாமல் பந்தைக் கடந்து முடிய வேண்டும்.

புதிதாகப் பழகுகிறவனை இந்த இடத்தில் ஏமாற்றுவது அவனுடைய சுபாவமான ஆசையே. பந்து ஆகாயத்தில் எழும்ப வேண்டும் என்று அவன் விரும்புகிறான். அதனால் அதைக் கீழிருந்து தூக்கிவிட முயல்கிறான். மட்டையின் முகம் ஏற்கனவே பின்னோக்கிச் சாய்த்தே செய்யப்பட்டிருக்கிறது, பந்தை எழுப்புகிற காரியத்தை அந்தச் சாய்வே பார்த்துக்கொள்ளும் என்பதில் அவனுக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. தூக்க முயலும்போது உடம்பின் பாரம் வலது காலிலேயே தங்கிவிடுகிறது, மணிக்கட்டு முன்கூட்டியே மடங்கிப் பிரிகிறது, வட்டத்தின் அடிமட்டம் பந்துக்குப் பின்னால் போய்விடுகிறது. அதன்பின் இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்: ஒன்று, மட்டை மண்ணில் புதைந்து பந்து பத்து கெஜம் தவழ்ந்து நிற்கும்; அல்லது, மண்ணைத் தப்பி மேலே ஏறிக்கொண்டிருக்கும் மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, அது புல்லோடு புல்லாகச் சீறிக்கொண்டு கிரீனைத் தாண்டி ஓடும். பார்க்கிறவர்களுக்கு இவை ஒன்றுக்கொன்று நேர்விரோதமான குற்றங்களாகத் தோன்றும். முதலாவதற்கு ஒரு சிகிச்சையும் இரண்டாவதற்கு வேறொரு சிகிச்சையும் தேடி அலைகிறவர்கள் அநேகர். உண்மையில் இரண்டும் ஒரே வியாதி.

அந்த வியாதியை வளர்க்கிற ஓர் உபதேசத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். அடி தவறிய ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்கிறவர் சொல்வது, "தலையைத் தூக்காதே" என்பது. தலையை ஆணி அறைந்ததுபோல் நிறுத்திவைக்கப் பாடுபடுகிறவன் தன் மார்பையும் இடுப்பையும் கூடவே நிறுத்திவிடுகிறான். பாரம் இடது காலுக்கு மாற வழியே இல்லாமல் போகிறது. அடிக்கும் கணத்தில் உடம்பின் பாரத்தில் மிகப் பெரும்பகுதி முன்காலில் இருக்க வேண்டும், வலது குதிகால் தானாகவே தரையை விட்டு எழ ஆரம்பித்திருக்க வேண்டும். மட்டையைப் பிடித்த கைகள் பந்தைவிடச் சற்று முன்னால், இடது தொடைக்கு நேராக வந்திருக்க வேண்டும். இவை நடந்தால் தலையைப் பற்றிய கவலை தானே அகன்றுவிடும்.

இந்த வித்தையின் பூரணத்தைத் தன் வாழ்நாள் முழுவதும் தேடியவர் அமெரிக்கரான பென் ஹோகன். 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி, டெக்ஸாஸ் சாலையொன்றில் மூடுபனிக்கு நடுவே எதிரே வந்த பஸ் ஒன்று அவருடைய காரில் மோதியது. மனைவியைக் காப்பதற்காகக் குறுக்கே பாய்ந்த ஹோகனின் இடுப்பெலும்பும் தோளெலும்பும் கணுக்காலும் முறிந்தன. மறுபடி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்த மனிதர், பதினாறு மாதங்கள் கழித்து, 1950 ஜூனில் மெரியன் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனில், ஒரே நாளில் முப்பத்தாறு குழிகள் ஆடவேண்டிய கடைசி நாளன்று, வீங்கிய கால்களோடு பதினெட்டாவது குழிக்கு வந்தார். சமநிலை பெறுவதற்கு அங்கே நாலு அடிகளில் முடித்தாக வேண்டும். அயர்ன்களிலெல்லாம் கையாளக் கடினமான ஒன்றாம் நம்பரை எடுத்துப் பந்தைக் கிரீனில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் பிளே-ஆஃபில் ஜயித்தார். அந்த அடியின் முடிவில் முதுகைக் காட்டி நிற்கும் அவருடைய புகைப்படத்தைப் பார்த்தால், பாரம் முழுவதும் இடது காலில் நிற்க, வலது பாதம் நுனிவிரலில் எழும்பியிருக்கும் கோலம் தெரியும். 1957-இல் வெளிவந்த தம் ஐந்து பாடங்கள் புத்தகத்தில், அடிக்கும் கணத்தில் இடது மணிக்கட்டின் எலும்பு இலக்கை நோக்கி எழும்பியிருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். பெரிய சாமர்த்தியங்களைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். தூக்கி அடிக்கிற பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மாற்று மருந்து எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரண புருஷர்கள் உண்டு. கேடியாகப் பிறர் மட்டைகளைச் சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டம் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1993-இல் மறுபடியும் வென்றார். கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகனான சௌரசியா குருவின்றித் தாமே கற்றுத் தேர்ந்து 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அதற்கு மறு வருஷம், பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா இந்தியன் ஓப்பனைக் கைப்பற்றினார். நாள் முழுவதும் மைதானத்தில் நின்று நூற்றுக்கணக்கானவர்களின் அடிகளையும், அவை மண்ணில் விட்டுப்போன தழும்புகளையும் கவனிக்கிற பாக்கியம் கேடிக்கு உண்டு. எந்த ஆசிரியரும் தரமுடியாத கல்வி அது என்றே நினைக்கிறேன்.

அந்தத் தழும்பை வாசிக்கப் பழகுவதே பயிற்சியின் முதற்படி. பந்தே இல்லாமல் ஆரம்பிக்கலாம். தரையில் சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அது இரு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நின்று, பாதி வீச்சாக மட்டையை வீசிப் பாருங்கள். கோட்டுக்குப் பின்னால் மண் பெயர்ந்தால் பாரம் மாறவில்லை. கோட்டிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கிப் பெயர்ந்தால் சரி. பல நாள் இது தவறாமல் நடந்த பிறகே கோட்டின்மேல் பந்தை வைக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அவசரமாக அடித்துத் தள்ளுகிறவனைவிட, ஒவ்வோர் அடிக்கும் பிறகு குனிந்து மண்ணைப் பார்க்கிறவன் சீக்கிரம் முன்னேறுவான். ஆனால் சோலூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள என் இளைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதை வீட்டுக் கொல்லையில் செய்யுங்கள். திறந்த புல்வெளி என்று கண்ட இடத்தில் செய்யாதீர்கள். இந்தப் புல்வெளிகள் தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம். ஏற்கனவே மரம் நட்டும் அந்நியப் புதர்கள் பரவியும் பெரும்பகுதி சுருங்கிப்போயிற்று. மைதானத்தில் ஆடும்போதும் பெயர்த்த புல்கட்டியை எடுத்து அதன் இடத்திலேயே வைத்து மிதித்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இனி சரிவுகள். வலது கைக்காரரை வைத்தே சொல்கிறேன். பந்து பாதங்களைவிட மேலே இருந்தால் வட்டம் படுத்துவிடும், பந்து இடப்புறம் போகும். மட்டையைச் சற்றுக் கீழே பிடித்து, குறியை வலப்புறம் வைக்க வேண்டும். கீழே இருந்தால் இதற்கு மாறாக வலப்புறம் ஓடும். முழங்காலை மடக்கி அந்த உயரத்தைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். ஏற்றத்தில் பந்து அதிகமாக எழும்பித் தூரம் குறையும். ஆகையால் ஏழாம் நம்பருக்குப் பதில் ஆறாம் நம்பர். இவை மூன்றும் சமாளிக்கக்கூடியவையே. இறக்கம்தான் கடுமையான சோதனை. அங்கே பந்துக்குப் பின்னால் உள்ள நிலம் பந்தைவிட உயரமாக இருப்பதால், மட்டை தன் அடிமட்டத்தை அடையுமுன் மண் குறுக்கிட்டுவிடுகிறது. தோள்களை நிலத்தின் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, பந்தை வலது பாதத்தை நோக்கிச் சிறிது தள்ளி வைத்து, ஆரம்பத்திலேயே பாரத்தை இடது காலில் இறக்கி, அடித்த பிறகும் மட்டை சரிவைத் தொடர்ந்து கீழே போகும்படி விட வேண்டும். பந்து தாழப் பறந்து நெடுக உருளும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு கிரீனுக்கு முன்பாக விழும்படி அடிப்பதுதான் விவேகம். அதை உயர எழுப்ப ஆசைப்பட்டவன் பழைய வியாதிக்கே திரும்புகிறான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,200 மீட்டருக்கு மேற்பட்ட இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம். தடை குறைவதால், சென்னை நந்தனத்தில் 150 கெஜம் பறக்கிற அடி இங்கே பத்துப் பன்னிரண்டு கெஜம் கூடுதலாகப் போகும்; வளைவும் சற்றுக் குறையும். ஆகவே கீழிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு நம்பருக்கும் தம் தூரத்தைப் புதிதாக அளந்து குறித்துக்கொள்வது அவசியம். குறிக்கும்போது, பந்துக்கு அப்பால் மண் பெயர்ந்த அடிகளை மட்டும் கணக்கில் சேர்த்து, மற்றவற்றை, அவை எத்தனை தூரம் போயிருந்தாலும், விட்டுவிட வேண்டும்.

(தொடரும்)