வைசரை இறக்கிவிடுங்கள்

ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பைக்கில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது உடம்பை வலப்பக்கம் சாய்த்தபடிதான் ஓட்டுவார்கள். மலை இடைவெளியில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே அவ்வளவு வலுவானது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதும் அதனால்தான். ஆனால், அந்தச் சாலையில் ஆளைத் தடுமாற வைப்பது காற்றின் வலு மட்டுமல்ல. சீராக அடிக்கும் காற்றுக்கு உடம்பு சீக்கிரம் பழகிக்கொள்ளும். வலப்பக்கம் ஒரு லாரி முந்தும்போது காற்று சட்டென்று நின்றுபோகிறது. சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கி இழுபடுகிறது. லாரி கடந்ததும் காற்று மறுபடி ஓங்கி அறைகிறது. ஆபத்து இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கண்ணுக்கும் இதேதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் முகத்தில், இலை அசையாத நாளிலும், நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் வேகத்தில் காற்று மோதுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 40-ல் இதமாக இருக்கும் காற்று 80-ல் கண்ணைத் திறக்கவிடாது. கருவிழியின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அது ஆவியாகிவிடாமலிருக்க இமைச் சுரப்பிகள் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுகின்றன. இமைக்கும்போதெல்லாம் அந்தப் பூச்சு புதிதாகப் பரவுகிறது. சுழன்றடிக்கும் காற்றோ, அடுத்த இமைப்புக்கு முன்பே படலத்தை உலர்த்திவிடுகிறது. கண் உறுத்துகிறது, நீர் பெருகுகிறது, பார்வை கலங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு நொடி கண்ணை இறுக மூடினாலும் 17 மீட்டர் சாலையைப் பார்க்காமலேயே கடந்திருப்போம்.

‘பவர் கிளாஸ் போட்டிருக்கிறேனே, போதாதா?’ என்று பலர் கேட்பார்கள். போதாது. மூக்குக் கண்ணாடி நேராக வரும் காற்றை மட்டுமே தடுக்கிறது. மோதிய காற்று கண்ணாடியின் ஓரத்தில் பிரிந்து, கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலுள்ள சந்தில் புகுந்து, பின்பக்கம் சுழல்கிறது. கூடவே வந்த மணல் துகளும் அங்கேயே வட்டமிடும். கூலிங் கிளாஸும் இப்படித்தான். பொழுது சாய்ந்த பிறகு அது சாலைப் பள்ளத்தையும் மறைத்துவிடும். பைக்கின் முன்னால் பொருத்தும் விண்ட்ஷீல்டு விஷயத்திலும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். அதன் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுழல்களாக உடைகிறது. ஓட்டுகிறவரின் தலை சரியாக அந்த உயரத்தில் இருந்தால் ஹெல்மெட்டே அதிரும்; விண்ட்ஷீல்டே இல்லாமல் ஓட்டியிருக்கலாம் என்று தோன்றும். தலைக்கு மேலே காற்றைத் தள்ளும் உயரம் வேண்டும், அல்லது மார்போடு நின்றுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள உயரம்தான் மோசம்.

ஆகவே, சந்து விடாமல் மூடுவது எதுவோ அதுவே கண்ணுக்குக் காவல். முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டின் நிறமற்ற வைசர் அதைச் செய்கிறது. நம் ஊர் வெயிலில் புழுங்குகிறதே என்பது நியாயமான குறைதான். சிக்னலில் நிற்கும்போது திறந்து, வண்டி நகர்ந்ததும் இறக்கிவிட்டால் அந்தப் புழுக்கம் பெருமளவு குறையும். மழையிலும் மார்கழிப் பனியிலும் மூச்சுக்காற்று பட்டு வைசர் மங்கினால் நூலளவு திறந்து வைக்கலாம். உட்புறம் ஒட்டும் பனி தடுக்கும் தகடும் கிடைக்கிறது. இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் வைசரில் சிதறிக் கண்ணைக் கூச வைக்கிறது என்பார்கள். அது உண்மை. ஆனால் அது கீறல் விழுந்த வைசரின் குற்றம். பாலிகார்பனேட்டைவிட மணல் கடினமானது. தூசி படிந்த வைசரைச் சட்டை நுனியால் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் கீறல் விழுகிறது. ஈரத் துணியைச் சற்று நேரம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பெட்ரோலும் தின்னரும் ஆகவே ஆகாது. கீறிவிட்டதென்றால் வைசரை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் கறுக்கும் பவர் கிளாஸ் அணிகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: புற ஊதாக் கதிரை வைசரே பெருமளவு தடுத்துவிடுவதால் உள்ளே இருக்கும் கண்ணாடி அவ்வளவாகக் கறுக்காது. அதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவும் கூடாது. வைசரை இறக்கச் சொல்லித்தான் யாரும் வற்புறுத்துவதில்லை. கண்ணில் தூசி விழுந்தால் கண்ணீரோடு போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரும்பாலும் போய்விடும். ஆனால் அறுவடைக் காலத்தில் வயலோரச் சாலையில் பறந்து வரும் உமியோ வைக்கோல் துணுக்கோ கருவிழியைக் கீறினால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை நுழையக்கூடும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று ஒரு முக்கியமான காரணம். குணமான பிறகும் பார்வையை மறைக்கும் தழும்பு தங்கிவிடலாம். கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காமல், வண்டியை ஓரங்கட்டி, சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். வலியோ சிவப்போ கலங்கலோ நீடித்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், பூஞ்சைத் தொற்றை அது இன்னும் முற்றவைத்துவிடும்.