திருப்பூர் வட்டாரத்தில் போதை மாத்திரையும் இணையத் தளங்களின் பொறுப்பும்

செய்திகளில் ‘போதை மாத்திரை’ என்று வருவது பெரும்பாலும் கள்ளப் பட்டறையில் தயாராவது அன்று. முறையான ஆலையில் உரிமத்தோடு தயாராகும் வலி நிவாரணிதான் அது. திருப்பூர், கோவைப் பகுதிகளில் காவல்துறை அடிக்கடி பறிமுதல் செய்யும் டபென்டடால் இவ்வகையைச் சேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலிக்கும் நாள்பட்ட நரம்பு வலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து இது. இதையே சிலர் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் உள்ள கரையாத துகள்கள் இரத்தக் குழாயை அடைக்கின்றன; குத்திய இடம் சீழ் பிடிக்கிறது. அளவு மீறினால் மூச்சு அடங்கி உயிர் போய்விடும். ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் பரவுகின்றன.

மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கிடைக்காத இம்மாத்திரை ஊருக்குள் எப்படி வருகிறது? கைதானவர்களிடம் நடந்த விசாரணைகளில் ஒரே வழி திரும்பத் திரும்பத் தெரிகிறது. இணைய வணிகத் தளத்தில் வெளிமாநில மொத்த விற்பனையாளரின் எண் கிடைக்கிறது; பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுகிறது; பணம் யு.பி.ஐ. மூலம் போகிறது, சரக்கு கூரியரில் வந்து சேர்கிறது. நூலும் பட்டனும் அட்டைப்பெட்டியும் வாங்கத் திருப்பூர்க்காரர் பயன்படுத்துவதும் இத்தகைய தளங்களைத்தான். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பார்சல் ஏறி இறங்கும் ஊரில் ஒரு சிறு பெட்டியை யார் கவனிப்பார்?

பனியன் கம்பெனிகளில் ‘ஒன்றரை ஷிப்ட்’ வேலை வழக்கமானது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தைப் பிரிந்து இங்கே தங்கியிருக்கிறார்கள். உடல்வலியும் தனிமையும் உள்ள இடத்தில் விற்பவனுக்கு வேலை எளிது. எனினும் இதை ‘வடமாநிலத்தவர் சிக்கல்’ என்று எழுதிவிடுவது தவறு. மாத்திரை விற்றதாகக் கைதாவோரில் உள்ளூர் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது

டிரமடால் என்ற வலி நிவாரணி 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (1985) கீழ் கொண்டுவரப்பட்டது. அதைப் போலவே செயல்படும் டபென்டடால் அப்போது சேர்க்கப்படவில்லை. ஆகவே கஞ்சாவுக்குப் பொருந்தும் கடுமை இதற்குப் பொருந்தவில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டமே முதன்மையாகப் பொருந்தியது. இணையத்தில் மருந்து விற்பதற்கான தனி வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விதிகள் இறுதியாகும் வரை இணைய விற்பனையை நிறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. வரைவு ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது.

தளங்களுக்கோ 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 79-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்புத் தருகிறது. பிறர் பதிவிட்டதற்கு இடைநிலை நிறுவனம் பொறுப்பாகாது. ஆனால் உரிய கவனத்தோடு நடந்திருக்க வேண்டும். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால் 36 மணி நேரத்துக்குள் பதிவை நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதிகள் கூறின. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உத்தரவு வருவதற்குள் சரக்கு கைமாறிவிடும். நீக்கிய விளம்பரம் மறுநாள் வேறு பெயரில் வரும்.

வாசலிலேயே தடுத்தல்

சொல்லை வைத்துத் தேடி நீக்குவதால் மட்டும் பயனில்லை என்பதற்கு 2021 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் மாவட்டத்தில் பதிவான வழக்கு நல்ல சான்று. அமேசான் தளத்தில் சீனித்துளசி இலை என்ற பெயரில் கஞ்சா விற்கப்பட்டதாகவும், ஏறத்தாழ 1,000 கிலோ அவ்வாறு போனதாகவும் காவல்துறை கூறியது. நிறுவனத்தின் இந்திய நிர்வாகிகள் மீதும் வழக்குப் பதிவானது. பட்டியலில் ‘கஞ்சா’ என்ற சொல் இல்லாதபோது சொல் வடிகட்டி என்ன செய்யும்?

எனவே பொருளின் பெயரைவிட விற்பவரைச் சோதிப்பது முக்கியம். மருந்தை மொத்தமாக விற்க 20பி, 21பி படிவ உரிமங்கள் உண்டு. ஜி.எஸ்.டி. எண் இருப்பவரெல்லாம் மருந்து வணிகர் ஆகிவிட மாட்டார். உரிம எண்ணைப் பெற்று, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பதிவோடு ஒப்பிட்ட பின்னரே விளம்பரத்தை அனுமதிக்கலாம். வாங்குபவருக்கும் இதே சோதனை வேண்டும். பனியன் கம்பெனி முகவரிக்கு வலி நிவாரணி பெட்டி பெட்டியாகப் போனால் அது தளத்தின் கணினிக்குத் தெரியாமல் இருக்காது. பார்க்க மனம் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மனம் தானாக வருவதில்லை. கனடா நாட்டு மருந்தகங்கள் அமெரிக்கருக்குச் சட்டவிரோதமாக விற்க விளம்பர இடம் கொடுத்த கூகுள், 2011-இல் 50 கோடி டாலரை அமெரிக்க அரசிடம் இழக்க ஒப்புக்கொண்டது. விளம்பர வருமானமும் சேர்த்துப் பிடுங்கப்பட்டால்தான் சோதனைக்குச் செலவு செய்வது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும்.

வாட்ஸ்அப் உரையாடல்களை நிறுவனம் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. ஆனால் பயனர் புகாரளித்த கணக்கை முடக்கலாம். டெலிகிராமின் பொது சேனல்களுக்கு அந்த மறைவுகூட இல்லை. புகார்களைப் படிப்பவருக்குத் தமிழும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் தெரிந்திருக்க வேண்டும்; திருப்பூரில் இந்த நான்கும் புழங்குகின்றன. நீக்கிய பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்று 2021 விதிகளே சொல்கின்றன. கடைக்கோடியில் மாத்திரை விற்றவனிடமிருந்து மொத்த விற்பனையாளரை எட்டும் வழி பெரும்பாலும் அப்பதிவுகளில்தான் இருக்கும்.

இம்மருந்தின் பெயரைத் தேடுபவருக்கு விற்பனையாளர் பட்டியலுக்கு முன்பாக உதவி எண்களைக் காட்டுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. விற்பனை பற்றித் தமிழ்நாட்டில் 10581 என்ற எண்ணிலும், நாடு முழுவதற்குமாக 2024 ஜூலையில் தொடங்கிய 1933 என்ற எண்ணிலும் தகவல் தரலாம். பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கான எண் 14446.