அசலைத் தொடும் சிறு வரவு

மலேசியக் குடும்பங்களின் மொத்தக் கடன் 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 1.53 டிரில்லியன் ரிங்கிட்டாக, அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 84 விழுக்காட்டுக்குச் சமமாக இருந்தது. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் இதில் பெரும்பங்கு வகிக்க, கடன் அட்டையும் தனிநபர் கடனும் மாதச் செலவை நேரடியாக நெருக்குகின்றன. இவ்வளவு பெரிய சுமைக்கு முன்னால், எப்போதோ ஒருமுறை வந்து சேரும் 300 அல்லது 500 ரிங்கிட் பொருட்படுத்தத் தக்கதன்று என்று தோன்றுவது இயல்பு. ஆயினும், அத்தொகை எந்தக் கடனுக்குப் போகிறது, அது போன பிறகு மாதத் தவணை என்ன ஆகிறது என்ற இரண்டையும் குடும்பம் கவனித்துக்கொண்டால், சிறு வரவும் பெருங்கடனின் ஆயுளைக் குறைக்கும்.

ஜொகூரில் வாழும் குடும்பங்களுக்கு இத்தகைய வரவுகள் பல வாயில்கள் வழியாக வருகின்றன. ஆண்டு போனசும் தீபாவளி போனசும் யாவரும் அறிந்தவை. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் வருமான வரி, உண்மையில் செலுத்த வேண்டியதைவிட மிகுதியாக இருந்தால், கணக்குத் தாக்கல் செய்தபின் உள்நாட்டு வருமான வரி வாரியம் அந்த மிகுதியைத் திருப்பித் தருகிறது. குறைந்த வருமானத்தினருக்கு எஸ்.டி.ஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி ஆண்டில் பல கட்டங்களாக வருகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மைகார்டு அடையாள அட்டை வழியாக ஒருமுறை வழங்கப்பட்ட 100 ரிங்கிட் 'சாரா' உதவி ரொக்கமாகக் கைக்கு வராவிட்டாலும், அரிசிக்கும் எண்ணெய்க்கும் பணப்பையிலிருந்து போகவிருந்த 100 ரிங்கிட்டை மிச்சப்படுத்தியதால், அதுவும் வரவாகவே எண்ணத்தக்கது. மறந்துபோன வங்கிக் கணக்கிலும், வாங்காமல் விட்ட பழைய சம்பளப் பாக்கியிலும் முடங்கிக் கிடந்து அரசிடம் சென்றுவிட்ட 'கோரப்படாத பணம்' தம் பெயரில் உள்ளதா என்பதை, தேசியக் கணக்காளர் துறையின் இ-குமிஸ் தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு எவரும் தேடிப் பார்க்கலாம்.

இவற்றோடு, ஜொகூருக்கே உரிய ஒரு வரவும் உண்டு. ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோரின் சம்பளம் நாணய மாற்று விகிதத்தோடு ஏறி இறங்குகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஏறக்குறைய 3.20 ரிங்கிட்டுக்கு இறங்கியது. மாதம் 1,000 சிங்கப்பூர் வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றும் குடும்பத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 300 ரிங்கிட். குறைந்த விகிதத்தை அடிப்படையாக வைத்துக் குடும்பச் செலவைத் திட்டமிட்டு, விகிதம் உயரும் மாதங்களில் கிடைக்கும் கூடுதலைக் கடனுக்கு ஒதுக்குவோர், விகிதம் மீண்டும் இறங்கும்போது தடுமாறுவதில்லை.

இவ்வளவு வழிகளில் பணம் வந்தும் கடன் குறையாமல் இருப்பதற்கு மனித மனத்தின் ஒரு பழக்கம் காரணமாகிறது. 2017ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தாலர், மக்கள் எல்லாப் பணத்தையும் ஒன்றாகக் கருதுவதில்லை என்றும், வந்த வழியைப் பொறுத்து அதை மனத்துக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைக்கிறார்கள் என்றும் விளக்கினார். உழைத்துப் பெற்ற சம்பளம் வாடகைக்கும் தவணைக்கும் உரியது என்றும், சும்மா வந்த பணம் கைபேசிக்கும் விருந்துக்கும் உரியது என்றும் மனம் பிரித்துவிடுகிறது. கடனுக்கு வட்டி கணக்கிடும் வங்கியோ அடகுக் கடையோ இத்தகைய பிரிவினை எதையும் செய்வதில்லை.

சிறு வரவின் வலிமையைக் கடன் அட்டைக் கணக்கு ஒன்றில் தெளிவாகக் காணலாம். மலேசியாவில் கடன் அட்டை வட்டி, பாக்கியைச் செலுத்தும் ஒழுங்கைப் பொறுத்து, ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை அமைகிறது. மாதந்தோறும் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை, பாக்கியில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றுள் எது அதிகமோ அது. 18 விழுக்காடு வட்டியில் 5,000 ரிங்கிட் பாக்கி வைத்திருப்பவர் முதல் மாதம் 250 ரிங்கிட் கட்டினால், அதில் 75 ரிங்கிட் வட்டிக்கே போய்விடுகிறது. பாக்கி குறையக் குறையக் குறைந்தபட்சத் தொகையும் சுருங்கிவருவதால், புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டுபவர் ஐந்தரை ஆண்டுக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். வட்டி மட்டும் 1,900 ரிங்கிட்டை நெருங்கும். அவரே 250 ரிங்கிட்டை மாறாமல் கட்டிவந்தால், கடன் 24 மாதத்தில் முடிந்து, வட்டி 1,000 ரிங்கிட்டுக்குள் அடங்கும். தொடக்கத்தில் ஒரு போனசிலிருந்து 1,000 ரிங்கிட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டு, மாதம் 250 ரிங்கிட்டைத் தொடர்ந்தால், 19 மாதத்துக்குள் கடன் தீர, வட்டி ஏறத்தாழ 600 ரிங்கிட்டோடு நின்றுவிடும். ஆனால் அதே 1,000 ரிங்கிட்டைக் கட்டிவிட்டு மீண்டும் குறைந்தபட்சத் தவணைக்கே திரும்புபவருக்குக் கடன் தீர ஐந்தாண்டுக்கு மேல் ஆகும். எனவே வந்த தொகையைக் கட்டுவது பாதி வேலைதான். அதைக் கட்டிய பின்னும் தவணையைக் குறைக்காமல் இருப்பதே மறுபாதி.

பல கடன்கள் உள்ள குடும்பத்தில் சிறு வரவு முதலில் எதற்குப் போக வேண்டும் என்பதை, ஒவ்வொரு கடனின் உண்மையான வட்டியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் அவசரத்துக்கு நகையை அடகு வைப்பது பழகிப்போன வழி. 1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டப்படி, உரிமம் பெற்ற அடகுக் கடைகள் மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு இது 24 விழுக்காடாகிறது. 'இரண்டு வட்டி' என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றும் இது கடன் அட்டையின் உச்ச வட்டியைவிட மிகுதியானது. அதோடு, ஆறு மாதத்துக்குள் மீட்காமலும் நீட்டிக்காமலும் விட்டால் நகையே கைவிட்டுப் போகும் அபாயமும் உண்டு. ஆகவே அடகுச் சீட்டு உள்ள வீட்டில் முதல் முன்னுரிமை அதற்கும், அடுத்தது கடன் அட்டைக்கும் உரியது.

வாகனக் கடன் வேறு வகையானது. இதுகாறும் கையெழுத்தான பெரும்பாலான வாடகைக் கொள்முதல் ஒப்பந்தங்களில் வட்டி முழுவதும் தொடக்கத்திலேயே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டுவிடுகிறது. முன்கூட்டியே கடனை முடிப்போருக்குத் தரப்படும் கழிவு '78 விதி' என்ற முறையில் கணக்கிடப்படுகிறது. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான எண்களின் கூட்டுத்தொகையே 78. ஓராண்டுக் கடனில் முதல் மாதத்துக்கு மொத்த வட்டியில் 78இல் 12 பங்கும், கடைசி மாதத்துக்கு ஒரு பங்கும் என ஒதுக்கப்படுவதால், வட்டியின் பெரும்பகுதி முன்மாதங்களிலேயே சேர்ந்துவிடுகிறது. இத்தகைய ஒப்பந்தத்தில் இடையில் கட்டும் சிறு கூடுதல் தொகை, அடுத்த தவணையை முன்கூட்டிக் கட்டியதாகவே கொள்ளப்படுமேயன்றி வட்டியைக் குறைக்காது. வீட்டுக் கடனில் மீதி அசலுக்கே வட்டி என்பதால் கூடுதல் தொகைக்குப் பயன் உண்டு. ஆனால் அதை முன்தவணையாக அன்றி அசல் குறைப்பாகவே வரவு வைக்குமாறு வங்கிக்கு எழுத்து வடிவில் தெரிவிப்பது நல்லது. பி.டி.பி.டி.என் கல்விக் கடனின் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடே என்பதால், மாதத் தவணையைத் தவறாமல் கட்டிவந்தால் போதும்; சிறு வரவை அதற்கு அவசரப்பட்டுச் செலுத்த வேண்டியதில்லை.

வரவு போலத் தோற்றமளித்து வரவாக இல்லாதவற்றையும் அடையாளம் காண வேண்டும். பலர் மாதந்தோறும் பணம் போட்டு, மொத்தத்தை முறைவைத்து ஒருவர் எடுக்கும் கூட்டு, மலாய் மக்களிடையே 'குட்டு' என வழங்குகிறது. அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் விலக்குகிறது. முதலில் கூட்டு எடுப்பவரின் கைக்கு வரும் மொத்தத் தொகை, மற்றவர்களுக்கு அவர் இனி கட்ட வேண்டிய கடனே. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வங்கிகள் தவணையை ஒத்திவைத்தபோது கையில் மிஞ்சிய பணமும் அத்தகையதே. தவணை நின்றிருந்தாலும் வீட்டுக் கடனின் வட்டி நிற்கவில்லை. வருமென்று நம்பி வாரந்தோறும் வாங்கும் நாலு நம்பர் சீட்டோ வரவே அன்று, செலவு.

வந்த தொகை முழுவதையும் கடனுக்கே கொடுத்துவிடுவதும் எப்போதும் சரியன்று. பாலத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள் பழுதானால் பழுதுபார்க்கும் செலவு மீண்டும் கடன் அட்டையில்தான் ஏறும் என்ற நிலையிலுள்ள குடும்பம், ஒரு பங்கை அவசரச் சேமிப்பாகத் தனியே வைப்பது கடனைக் குறைக்கும் முயற்சியைக் காப்பாற்றுகிறது. தவணையே கட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டவர்கள் வட்டி முதலைகளான ஆ லோங்கை நாடாமல், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே என்னும் கடன் ஆலோசனை அமைப்பின் ஜொகூர் பாரு கிளையை அணுகலாம். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. பல வங்கிக் கடன்களைக் கட்டத்தக்க ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர அவ்வமைப்பு உதவுகிறது.

மாதம் 2 விழுக்காடு வட்டியில் 2,000 ரிங்கிட்டுக்கு அடகு வைத்த தாலிக்கொடி, திரும்பக் கிடைத்த வரியும் போனசும் சேர்ந்து மீட்கப்படும்போது வீடு திரும்புவது நகை மட்டுமன்று. மாதந்தோறும் வட்டியாகப் போய்க்கொண்டிருந்த 40 ரிங்கிட்டும் அதனோடு திரும்புகிறது. அந்த 40 ரிங்கிட்டை வீட்டுச் செலவில் கரையவிடாமல் கடன் அட்டைத் தவணையோடு சேர்த்துவிடும் குடும்பம், ஒருமுறை வந்த வரவை மாதந்தோறும் வரும் வரவாக மாற்றிக்கொள்கிறது.