காலிப் பெட்டியில் ஒரு முகவரி

டெபியன் லினக்ஸ் தன் களஞ்சியத்திலிருந்து ஒரு மென்பொருள் பொதியை நீக்கினால், நம் கணினியிலிருந்தும் அது போய்விடுமா? போகாது. ஏற்கெனவே நிறுவிய நகல் இருந்த இடத்திலேயே இருக்கும். நேற்றுப்போல் இன்றும் ஓடும். மாறுவது ஒன்றுதான்: இனி அதில் ஓட்டை விழுந்தால் டெபியனிலிருந்து அடைக்க ஆள் வரமாட்டார்.

நீக்குவதும் லேசான காரியமல்ல. உதாரணமாக, பைத்தான் 2 நிரல்மொழிக்கான ஆதரவை அதை உருவாக்கியவர்களே 2020 ஜனவரி 1-இல் நிறுத்திவிட்டார்கள். 2021-இல் வந்த டெபியன் 11, வேறு சில பொதிகளைக் கட்டத் தேவைப்பட்டதால் அதை விட்டுவைத்தது. முழுதாக வெளியேறியது 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான். ஒரு பொதியை உருவுவதற்கு முன் அதன்மேல் சாய்ந்து நிற்பவை எவை என்று ஒத்திகை பார்க்க வேண்டும். பிறகு அவை ஒவ்வொன்றையும் பைத்தான் 3-க்கு மாற்ற வேண்டும், முடியாதவற்றைச் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

சரி, வைத்திருப்பவருக்கு எப்படிச் சொல்வது? டெபியனுக்குத் தன் பயனர்கள் யாரென்றே தெரியாது. பெயர், மின்னஞ்சல் எதுவும் கேட்காமல் கொடுக்கிற அமைப்பு. (அதன் அழகே அதுதான், இங்கே அதுவே இடைஞ்சல்.) ஆகவே சேதியைப் பொதிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். முக்கிய மாற்றம் இருந்தால் புதிய பதிப்போடு ஒரு செய்திக் கோப்பு வரும். ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ் என்ற கருவி, மேம்படுத்தும்போது அதைத் திரையில் காட்டும். ஆனால் நீக்கப்பட்ட பொதிக்குத்தான் புதிய பதிப்பே வராதே! கடிதம் இருக்கிறது, தபால்காரர் இல்லை.

வாரிசு உள்ள பொதிக்கு ஒரு தந்திரம் உண்டு. டெபியனில் 'கிட்' என்ற பெயரை ஒரு காலத்தில் வேறொரு மென்பொருள் வைத்திருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட், 'கிட்-கோர்' என்ற பெயரில் ஒண்டிக்கொண்டிருந்தது. பிற்பாடு அந்த வேறொரு மென்பொருள் பெயரை விட்டுக்கொடுத்ததும், கிட்-கோரை வெறும் கூடாக்கினார்கள். உள்ளே நிரல் கிடையாது. 'எனக்குக் கிட் வேண்டும்' என்ற சார்புக் குறிப்பு மட்டும். பழையதை மேம்படுத்தியவருக்குப் புதியது தானாக வந்திறங்கியது.

வாரிசில்லாதவற்றுக்கு வெளியீட்டுக் குறிப்புகள்தான் கதி. அவற்றை எத்தனை பேர் படிக்கிறோம்? படிக்காதவருக்கும் ஒரு தடயம் உண்டு. பொதிகளை நிர்வகிக்கும் ஆப்டிட்யூட் செயலியைத் திறந்தால் 'காலாவதியானவையும் உள்ளூரில் உருவாக்கியவையும்' என்றொரு தலைப்பு இருக்கும். இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், கணினிக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் கட்டியதும் களஞ்சியம் கைவிட்டதும், அதன் கணக்கில், எங்கும் கிடைக்காத பொதிகள்.