ஒரு துறைமுக ஊரின் வயலின்கள்

1991 ஜனவரி. லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் மக்கள் தெருக்களில் தடுப்பரண் எழுப்பி, கடுங்குளிரில் தீ மூட்டிக் காவல் இருந்தார்கள். பக்கத்து நாடான லித்துவேனியாவின் வில்னியஸில் சோவியத் படையின் தாக்குதலில் 14 பேர் உயிரிழந்திருந்தனர். அந்த ஆண்டில்தான் பேட்டெரிஸ் வாஸ்க்ஸ் என்ற லாட்விய இசையமைப்பாளர் தந்தி வாத்தியங்களுக்கென்றே ஒரு சிம்பொனி எழுதினார். பெயர் ‘குரல்கள்’. மௌனத்தின் குரல்கள், வாழ்வின் குரல்கள், மனசாட்சியின் குரல் என்று மூன்று பகுதிகள். அது முதன்முதலில் ஒலித்தது ரீகாவிலும் இல்லை, பெர்லினிலும் இல்லை. பின்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கொக்கோலா என்ற சிறிய துறைமுக ஊரில். எழுதச் சொல்லிக் கேட்டதும் அந்த ஊர் இசைக்குழுதான்.

ஆஸ்ட்ரோபோத்னியா சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்று உலகம் அதை அறிகிறது. ஐம்பதாயிரம் பேர்கூட வசிக்காத ஊரில், ஒரு வயலின் ஆசிரியரும் அவருடைய மாணவர்களுமாகச் சேர்ந்து 1972இல் தொடங்கிய குழு அது. ஆசிரியரின் பெயர் யுஹா காங்காஸ். ஹெல்சிங்கியில் உள்ள சிபேலியஸ் அகாடமியில் படித்தவர். அப்படிப் படித்தவர்கள் பெரும்பாலும் தலைநகரிலேயே தங்கிவிடுவார்கள். இவர் தன் வட்டாரத்துக்குத் திரும்பி, இசைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளை வைத்தே ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். 17 ஆண்டுகள் கழித்து, 1989இல்தான் அது சம்பளம் வாங்கும் தொழில்முறைக் குழுவாயிற்று. இந்த 17 ஆண்டுகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குழல்களும் முரசுகளும் சேர்ந்த பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு வயலினின் தடுமாற்றம் சத்தத்தில் கரைந்துவிடும். இருபது பேருக்குள் அடங்கும் தந்திக் குழுவில் ஒளிய இடம் கிடையாது. எல்லாரும் ஒரே மூச்சில் வில்லை இழுக்க வேண்டும். ஒரே ஆசிரியரிடம் சிறு வயதிலிருந்து பழகிய கைகளுக்கு அது இயல்பாக வந்தது.

காங்காஸ் பிறந்தது கௌஸ்டினென் கிராமத்தில். கொக்கோலாவிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சுமார் 50 கிலோமீட்டர். இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள அந்தக் கிராமத்துக்குப் போய்த்தான் வர வேண்டும். அங்கே வயலின் என்பது கல்யாண வீட்டு வாத்தியம். ஸ்வரக் குறிப்பைப் பார்த்து அல்ல, பெரியவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே கற்கிறார்கள். ஆட்டத்துக்கு ஏற்ற அழுத்தமான தாளக்கட்டு, வயலின்களுக்குத் துணையாக ஒரு டபுள் பாஸ், நம் நாடக மேடைகளில் பார்த்த கால் ஆர்மோனியம் போன்ற ஒரு பெட்டி. 250 ஆண்டுகளுக்கும் மேலாக அறுபடாமல் வரும் இந்த வாசிப்பை 2021இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1968 முதல் அங்கே ஆண்டுதோறும் நாட்டார் இசை விழா நடக்கிறது. கொன்ஸ்டா யுல்ஹா போன்ற கிராமத்து வயலின்காரர்களை நாடே அறிந்திருந்தது. பள்ளிக்கு வெளியே இப்படியொரு இசை ஓயாமல் ஒலித்த மண்ணில்தான் காங்காஸ் தன் மாணவர்களைக் கண்டெடுத்தார். படிப்பாளிகளின் இசை ஒரு பக்கம், பாமரரின் இசை ஒரு பக்கம் என்ற வேலி அங்கே உயரமாக இல்லை.

வேலியை இன்னும் தாழ்த்தியவர் பெர் ஹென்ரிக் நோர்ட்கிரேன். டோக்கியோவில் இசை பயின்றுவிட்டு 1973இல் பின்லாந்து திரும்பிய இந்த இசையமைப்பாளர், குடியேறியது ஹெல்சிங்கியில் அல்ல, கௌஸ்டினெனில். 2008இல் இறக்கும்வரை அதுவே அவர் ஊர். கூப்பிடு தூரத்தில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா. அதன் ஒவ்வொரு கையும் அவருக்குப் பழக்கம். 1976இல் அவர் எழுதிய ‘கிராமத்து வயலின்காரர்களின் உருவப்படங்கள்’ தந்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்கானது. நாட்டார் மெட்டை எடுத்துப் பட்டுத்துணி போர்த்தும் வேலை அதில் இல்லை. மெட்டின் முரட்டுத்தனம் அப்படியே இருக்கும். சுற்றிலும் இக்காலத்து ஒலிகள் மோதும். எழுதுபவரும் வாசிப்பவரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சின்ன ஊர்க் குழுக்கள் பெரும்பாலும் மோட்சார்ட்டையும் விவால்டியையும் நன்றாக வாசித்துப் பெயர் வாங்கப் பார்க்கும். பாதுகாப்பான வழி. ஆனால் அதே விவால்டியை வியன்னாவிலும் லண்டனிலும் இன்னும் மெருகாக வாசிக்க ஆள் உண்டு. கொக்கோலாக் குழு அந்தப் பந்தயத்தோடு நிற்கவில்லை. உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களிடம் போய்ப் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கியது. அதுவும் முதலில் பக்கத்து நாட்டார்களிடம். இரும்புத்திரைக்கு அப்பால் இருந்த எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா இசையமைப்பாளர்களின் பெயர்களை மேற்கு ஐரோப்பா சரியாக உச்சரிக்கப் பழகுவதற்குள் காங்காஸ் அவர்களைத் தன் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார். வாஸ்க்ஸின் சிம்பொனி அந்த உறவில் பிறந்ததுதான்.

1993இல் காங்காஸுக்கும் குழுவுக்கும் நார்டிக் கவுன்சிலின் இசைப் பரிசு கிடைத்தது. வட ஐரோப்பாவின் மிகப் பெரிய இசை விருதுகளில் ஒன்று. தொழில்முறைக் குழுவாகி நான்கே ஆண்டுகள். பரிசைப் போலவே முக்கியமான இன்னொன்றும் உண்டு: பணம். பின்லாந்தில் ஆர்க்கெஸ்ட்ராக்களின் செலவை நகராட்சியும் அரசும் பகிர்ந்துகொள்கின்றன. அரசின் பங்கு சட்டத்தால் உறுதியானது. டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பியிருந்தால், யாரும் கேட்டிராத புதுப் படைப்பை அரங்கேற்றும் துணிவு எந்தச் சிற்றூருக்கும் வந்திருக்காது.

நாற்பது ஆண்டுகள் ஒரே மனிதர் தாங்கிய குழு, அவர் விலகியதும் சரிந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 2013இல் பொறுப்பு சகாரி ஒராமோவிடம் சென்றது. அதே ஆண்டில் அவர் லண்டன் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநராகவும் ஆனார். உலகின் மிகப் பெரிய இசைமேடை ஒன்றையும் கொக்கோலாவின் சிறு குழுவையும் ஒருசேர நடத்த ஒப்புக்கொண்டார் என்றால், அந்தக் குழுவின் தரத்துக்கு வேறு சான்று வேண்டாம்.

கேட்கத் தொடங்க விரும்புவோருக்கு என் பரிந்துரை, ஐனோயுஹானி ரௌதவாராவின் ‘கிராமத்து வயலின்காரர்கள்’. அவர் 1952இல் பியானோவுக்கு எழுதிப் பிறகு தந்திகளுக்கு மாற்றியது. ஆஸ்ட்ரோபோத்னியா வட்டாரத்தின் பழைய வயலின்காரர் சாமுவேல் ரிந்தா-நிக்கோலாவின் மெட்டுக் குறிப்பேட்டிலிருந்து எடுத்த மெட்டுகள் அவை. ரௌதவாராவின் தந்திப் படைப்புகளை ஒண்டீன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தவர்கள் காங்காஸும் இந்தக் குழுவும்தான். அது பழகியபின் நோர்ட்கிரேன். வாஸ்க்ஸின் ‘குரல்கள்’ மூன்றாவது. அதற்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.